கயிறு கட்டி காரை இழுக்கிறீர்களா? உஷார்!

பின்னால் உட்காருபவருக்கும் லைசென்சு வேண்டும்

சென்னையில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும். சுரங்கப்பாதையில் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே கார்!

2024 அக்டோபரில் பலத்த மழை வரும் என்று அறிவிப்பு வந்ததும், வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். 2015 வெள்ளமும், 2023 'மிக்ஜம்' புயலும் கொடுத்த அடி அப்படி!

எல்லோருக்கும் மேம்பாலம் கிடைக்குமா? நடுரோட்டில் கார் 'மக்கர்' செய்கிறது. நண்பர் ஒருவர் தன் காரைக் கொண்டு வருகிறார். மாடியில் துணி காயப் போடுகிற நைலான் கயிறு வருகிறது. முன் காரின் பம்பரில் ஒரு முடிச்சு, பின் காரில் ஒரு முடிச்சு. "நீ சும்மா உட்காரு, நான் இழுத்துக்கிறேன்" என்று கிளம்பிவிடுகிறார்கள். பின் காரில் உட்காருவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் சின்னப் பையன்தான்!

சும்மா உட்காருகிற வேலையா அது? முன் காரை ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை.

கல்லாகும் பிரேக்

என்ஜின் ஓடினால்தான் பவர் பிரேக்குக்கு பலம் வரும். ஓடாத காரில் மிச்சம் இருக்கிற பலம் இரண்டு, மூன்று தடவை மிதிப்பதற்குள் தீர்ந்துவிடும். அப்புறம் பிரேக் கல் மாதிரி இறுகிப் போகும். பிரேக் போய்விட்டது என்று பதறக் கூடாது. பிரேக் இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக பலத்தோடு மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். பவர் ஸ்டீரிங்கும் அதேபோல் கனத்துப் போகும்.

அதைவிட ஆபத்து சாவி. சாவியைக் கழற்றினால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் கார் திரும்பும், பின் கார் நேராகப் போகும்! சாவி போட்டு 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும்.

கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்து, பிறகு சடாரென்று இழுபட்டால் அறுந்துவிடும். அல்லது கொக்கி பிய்ந்து கண்ணாடியில் வந்து அடிக்கும். முன் டிரைவர் முதல் கியரில், கிளட்சை மெதுவாக விட்டு நகர வேண்டும். நிற்கும்போது பின்னால் இருப்பவர்தான் முதலில் லேசாக பிரேக் தொட வேண்டும். எத்தனை ஹாரன் அடித்தால் நில் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

கயிற்றை எங்கே கட்டுவது? இப்போது வரும் பம்பர் எல்லாம் பிளாஸ்டிக். பல புதுக் கார்களில் டிக்கியில் ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையம் கிடக்கும். பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, அதை உள்ளே முறுக்கி மாட்ட வேண்டும். கார் வாங்கி ஐந்து வருடம் ஆனவர்களில் கூட அந்த வளையத்தைப் பார்க்காதவர்கள் உண்டு!

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ல் வந்த விதிகளுக்குப் பதிலாக 2017-ல் மோட்டார் வாகன டிரைவிங் விதிமுறைகள் வந்தன. அதன்படி, பின் காரின் ஸ்டீரிங்கில் லைசென்சு உள்ளவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரங்களை கிரேனில் தூக்கிக் கட்ட வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் 25 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. பின் வண்டியின் முதுகில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டும். எழுத்து உயரம் 75 மில்லி மீட்டர், சுமார் 3 அங்குலம். இந்தப் பலகையோடு போகிற காரை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

விதியை மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். லைசென்சு இல்லாத பையனை உட்கார வைத்தால் அது தனி வழக்கு. அதற்கு 5,000 ரூபாய்.

கயிறு மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் விதிதான். எல்லாவற்றையும் விட முக்கியமான விதி இது. சிக்னலில் இரண்டு கார்களுக்கு நடுவே 15 அடி இடைவெளி கிடந்தால் நம்ம ஊர் பைக்காரர் விடுவாரா? புகுந்துவிடுவார்! இருட்டில் கயிறு அவர் கண்ணுக்குத் தெரியாது. கழுத்திலோ, ஹேண்டில்பாரிலோ மாட்டினால் போகிற உயிர் அவருடையது. கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். பாட்டரி இருந்தால் நான்கு பக்க விளக்கையும் மினுக்க விடுங்கள்.

ஆட்டோக்காரர்கள் பின்னால் வரும் ஆட்டோவில் இருந்து காலை நீட்டி, முன் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே போவதும் தினமும் பார்க்கிற காட்சி. ஒரு பள்ளம் வந்தால் கால் என்ன ஆகும் என்று தள்ளுகிறவர் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இவற்றை இழுக்கவே கூடாது

ஆட்டோமேட்டிக் கியர் காரை, ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பெட்டிக்குள் எண்ணெய் ஓடாது. சூடேறிக் கெட்டுவிடும். மின்சாரக் காருக்கும் இழுவை ஆகாது. இரண்டையும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் மூழ்கி நின்ற காரை, இழுத்துக்கொண்டே 'ஸ்டார்ட்' செய்து பார்ப்பது வீட்டுக்கே செலவு வைக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்சூரன்சு விஷயம் பலருக்குத் தெரியாது. சொந்தக் காரில், பழுதான ஒரே ஒரு வண்டியை, காசு வாங்காமல் இழுத்தால் இழுக்கிற காரின் பாலிசி செல்லும். பெட்ரோல் காசு, டீ காசு என்று கூலி வாங்கினால் சிக்கல். இழுபடுகிற காருக்கு ஏற்படும் சேதத்தை முன் காரின் பாலிசி கொடுக்காது.

தேசிய நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் கயிறு தேடி அலைய வேண்டாம். 1033 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். உதவி வருகிற வரை காருக்குள் உட்காராமல், ரோட்டை விட்டு இறங்கித் தள்ளி நில்லுங்கள்.