பட்டு ரவிக்கையில் மிஷின் பூ

டீ ஆறட்டும், பொறுமையாகப் பேசுவோம். "எம்பிராய்டரி கத்துக்கணும்க்கா, எந்த கம்ப்யூட்டர் மிஷின் வாங்கட்டும்?" என்றுதான் தங்கச்சிகள் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். மிஷின் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். வீட்டில் காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின் இருந்தால் அதுவே போதும்.

ஏன் என்று ஆரணிக்காரர்களுக்குப் புரியவைப்பது சுலபம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், அதில் ஓட்டை போட்ட அட்டைகளும் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஓட்டை இருந்தால் அதற்குரிய பாவு இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். சேலையின் பூ முழுவதும் அந்த அட்டையில்தான் இருக்கிறது. 1863-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பகுதியில் ஐசக் குரோப்லி, முன்னால் ஊசியும் பின்னால் நாடாவுமாக ஓடும் எம்பிராய்டரி எந்திரத்தை உருவாக்கினார். பிற்பாடு அதையும் ஓட்டை அட்டையால் ஓட்டினார்கள். இன்றைய கம்ப்யூட்டர் மிஷினுக்குப் போடும் டிசைன் ஃபைலும் அதே வேலையைத்தான் செய்கிறது: ஒவ்வொரு தையலும் எங்கே விழ வேண்டும் என்று சொல்கிறது. எவ்வளவு நெருக்கமாகத் தைத்தால் துணி சுருங்கும் என்பது உங்கள் கைக்குத் தெரியாத வரை, நல்ல ஃபைல் எது, கெட்ட ஃபைல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஆகவே கறுப்பு மிஷினுக்கு வருவோம். அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிடுங்கள். துணியைத் தள்ளும் பல்லைக் கீழே இறக்குங்கள். இறங்காத மிஷின் என்றால் அதை மூடும் தகட்டைப் போடுங்கள். இனி துணியை நகர்த்துவது உங்கள் கைதான். எம்பிராய்டரி வளையத்தைக் கைத்தையலுக்குப் போடுவதற்கு நேர்மாறாகப் போட வேண்டும். பெரிய வளையம் அடியில், அதன்மேல் துணி, அதற்குள் சின்ன வளையம். அப்போதுதான் துணி மிஷின் பலகையோடு ஒட்டிப் படியும்.

பாதம் இல்லை என்பதால் அதை இறக்கும் நெம்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நெம்பு மேலேயே இருந்தால் மேல்நூலுக்குப் பிடிப்பு இருக்காது, அடியில் நூல் குப்பையாகச் சேரும். மிஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இந்த நெம்பைப் பாருங்கள்.

பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூல் முனைகளையும் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களைப் போடுங்கள். கால் ஒரே சீராக மிதிக்கட்டும், கை மெதுவாக நகரட்டும். கை வேகமாகப் போனால் தையல் நீளும், நின்றால் ஒரே இடத்தில் முடிச்சு விழும். இலையை நிரப்ப வளையத்தை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்ட வேண்டும். பிறகு திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பாபின் நூல் நடுவில் ஒரு கோடாகவும், இரு ஓரங்களில் மேல்நூல் கொஞ்சமும் தெரிந்தால் இழுப்பு சரி. மேல்பக்கம் பாபின் நூல் எட்டிப் பார்த்தால் மேல் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

இதையெல்லாம் காடாத் துணியில் பழகுங்கள், அடியில் ஒரு தாள் வைத்து. பட்டில் பழகவே கூடாது. பருத்தியில் தவறாகப் போட்ட தையலைப் பிரித்துத் துவைத்தால் துளை மூடிக்கொள்ளும். பட்டில் ஊசி போன தடம் அப்படியே நிற்கும். ஒரு நெசவாளர் உட்கார்ந்து நெய்த துணி அது. அதைத் தொடுவதற்கு முன் கை பழகியிருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவள்.

பட்டுக்கு வரும்போது 11-ஆம் நம்பர் புது ஊசி போடுங்கள். முனை மழுங்கிய ஊசி இழையை இழுத்துவிடும். வளையத்தில் மெல்லிய துணி நாடாவைச் சுற்றினால் பட்டில் அழுத்தத் தடம் விழாது. வளையத்துக்குள் பாவும் ஊடையும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். குறுக்காக இழுபட்ட துணியில் போட்ட பூ, வளையத்தைக் கழற்றியதும் கோணிக்கொள்ளும். ஜரிகை நூல் அடிக்கடி அறுந்தால் பெரிய கண்ணுள்ள 14-ஆம் நம்பருக்கு மாறி, இழுப்பைத் தளர்த்தி, வேகத்தைக் குறையுங்கள். ரேயான் நூல் பளபளக்கும். அடிக்கடி துவைக்கும் துணிக்கு பாலியஸ்டர் நூல் நின்று உழைக்கும்.

கை பழகிய பிறகு கம்ப்யூட்டர் மிஷின் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கடையில் முதலில் வளையத்தின் அளவைக் கேளுங்கள். சின்ன மிஷின்களில் அது 10-க்கு 10 சென்டிமீட்டர்தான். ரவிக்கையின் பின்கழுத்து அதற்குள் அடங்காது. துண்டு துண்டாகப் போட்டுச் சேர்க்க வேண்டிவரும். சொந்தமாக டிசைன் செய்ய இங்க்ஸ்டிட்ச் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

சேலையோடு வரும் ரவிக்கைத் துணியை முதலிலேயே வெட்டிவிடாதீர்கள். கழுத்தையும் கையையும் சாக்பீஸால் வரைந்து, முழுத்துணியாக வளையத்தில் மாட்டிப் பூவை முடியுங்கள். தைத்த இடம் சற்றே சுருங்கும் என்பதால், அளவை மறுபடி வைத்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.