தராசு சொல்லாத மாற்றம்



கோடை காலத்தில் எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பூங்காக்களில் நடத்தும் ஒன்றுகூடல்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கூழும் கொத்துரொட்டியும் முடிந்த கையோடு கயிறிழுத்தல் போட்டி அறிவிக்கப்படும். ஊரில் இழுத்த அதே நம்பிக்கையுடன் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் கயிற்றைப் பிடிப்பார்கள். மறுநாள் காலையில் ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு, இன்னொருவருக்குத் தோள்மூட்டு வலி, வேறொருவருக்குத் தொடைத் தசையில் இழுவை. மனம் இன்னும் ஊரில்தான் நிற்கிறது. உடம்பு கனடாவுக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன.

ஊரில் நாம் உடற்பயிற்சி என்று பெயர் சொல்லி எதுவும் செய்ததில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், மண்வெட்டியால் தோட்டம் கொத்தினோம், உரலில் மா இடித்தோம், சைக்கிளில் மூட்டையை ஏற்றி எதிர்க்காற்றில் உழக்கினோம். நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து சாப்பிட்டுவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்தோம். இங்கே கார், கதிரை, கணினி, சோபா என்று நாள் போகிறது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கும் ஒரே அசைவுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

எமது சங்க உறுப்பினர்கள் சிலர் கடந்த ஒரு வருடமாக ஸ்காபரோவிலுள்ள ஒரு "பங்ஷனல் பிற்னஸ்" ஜிம்முக்குப் போய் வருகிறோம். அங்கே என்ன நடக்கிறது, எம்மவருக்கு அது ஏன் பொருந்துகிறது, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை இம்முறை பார்ப்போம்.

கண்ணாடி இல்லாத ஜிம்

வழமையான ஜிம்மில் வரிசையாக இயந்திரங்கள் இருக்கும். ஓர் இயந்திரம் கைக்கு, இன்னொன்று காலுக்கு. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தனியாகச் செய்துவிட்டு வருவோம். நாம் போகும் இடத்தில் சுவரில் கண்ணாடி இல்லை, இயந்திரங்களும் குறைவு. இரும்புத் தண்டு, கைபிடி வைத்த இரும்புக் குண்டு, மரப்பெட்டி, மணல் மூட்டை, தொங்குவதற்குக் கம்பி, துடுப்பு வலிப்பது போன்ற ஒரு இயந்திரம், இவ்வளவுதான். குந்தி எழும்புதல், நிலத்தில் இருப்பதைத் தூக்குதல், தலைக்கு மேல் உயர்த்துதல், சுமந்துகொண்டு நடத்தல், தள்ளுதல், இழுத்தல் ஆகியவையே பயிற்சிகள். அதாவது வாழ்க்கையில் உடம்பு செய்ய வேண்டிய வேலைகள். 40 றாத்தல் அரிசிப் பையைக் காரிலிருந்து குசினிக்குக் கொண்டு வருவதும், பேரப்பிள்ளையைத் தூக்குவதும், சவளால் பனி அள்ளுவதும் இவற்றுக்குள் அடங்கும்.

வகுப்பு ஒரு மணி நேரம். முதலில் உடம்பைச் சூடாக்கும் பயிற்சி. அடுத்து ஓர் அசைவைச் சரியாகச் செய்யப் பழகுதல். அதன் பின் வெண்பலகையில் எழுதியிருக்கும் அன்றைய பயிற்சி. அது பத்து முதல் இருபது நிமிடம் வரை மூச்சு வாங்க வைக்கும். கடைசியில் தசைகளைத் தளர்த்துதல். இருபது வயதுப் பிள்ளையும் அறுபது வயது அம்மாவும் அதே பயிற்சியைத்தான் செய்கிறார்கள். பாரமும் எண்ணிக்கையும் உயரமும் மட்டும் ஆளுக்கு ஏற்றபடி மாறும். பிள்ளை பெட்டிக்கு மேல் பாய்வார், அம்மா அதன் மேல் ஒவ்வொரு காலாக ஏறி இறங்குவார். கடைசியாக முடிப்பவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

எமக்கு ஏன் தசை முக்கியம்?

"நான் மெலிவுதானே, எனக்கு எதற்கு ஜிம்?" என்று கேட்பவர்கள் எம்மிடையே பலர். அவர்களுக்காக ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் உடல் நிறைச் சுட்டெண் இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 வீதமும் இருந்தது. சுட்டெண் ஒன்றுதான். தோலுக்குக் கீழே இருந்த கதை வேறு.

தென்னாசியர்களான எமக்குப் பொதுவாகத் தசை குறைவு, வயிற்றுப் பகுதிக் கொழுப்பு அதிகம். ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று தென்னாசிய, சீன, ஐரோப்பிய வம்சாவளியினரை ஒப்பிட்டது. இருதய நோய் அதிகமாகக் காணப்பட்டது தென்னாசியரிடம்தான். இதனால்தான் ஆசியருக்கான எச்சரிக்கை எல்லையாக உடல் நிறைச் சுட்டெண் 23ஐ உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் குறிப்பிட்டது. இடுப்புச் சுற்றளவைப் பொறுத்தவரை தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. தையல்காரரின் அளவு நாடா ஒன்று இருந்தால் இன்றைக்கே வீட்டில் அளந்து பார்க்கலாம்.

தசைக்கும் சீனி வருத்தத்துக்கும் என்ன தொடர்பு? சோறு சாப்பிட்டதும் குருதியில் சேரும் குளுக்கோசைச் சேமித்து வைக்கும் பெரிய களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சிறிதாகவும் நிரம்பியும் இருந்தால் சீனி குருதியிலேயே நின்றுவிடுகிறது. தசை வேலை செய்யும்போது களஞ்சியம் காலியாகிறது. அது மட்டுமல்ல, சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலும் குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடப்பது நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் நடை மட்டும் தசையைப் பெரிதாக வளர்க்காது. முப்பது வயதுக்குப் பின் எதுவும் செய்யாவிட்டால் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 வீதம் வரை தசை குறைந்துகொண்டே போகும் என்று கணிக்கப்படுகிறது.

"எனக்கு வயது போய்விட்டது" என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. போஸ்ரன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1990இல் அதன் முடிவு வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 வீதம் கூடியிருந்தது.

நாம் கண்ட மாற்றங்கள்

விளம்பரங்களில் "முன்பு, பின்பு" என்று இரண்டு படம் போடுவார்கள். நாம் கண்ட மாற்றங்கள் அப்படிப் படத்தில் தெரிபவை அல்ல.

எம்முடன் வரும் அக்கா ஒருவருக்கு ஐம்பத்தேழு வயது. கோயிலில் நிலத்தில் இருந்தால் எழும்புவதற்குப் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடிக்க வேண்டும். அந்த வெட்கத்திலேயே கதிரை தேடிப் பின்வரிசைக்குப் போய்விடுவார். ஜிம்மில் முதல் வாரம் உயரமான பெட்டியில் இருந்து எழும்பினார். மாதங்கள் போகப் போகப் பெட்டியின் உயரம் குறைந்தது. எட்டு மாதத்தில் அவரின் நிறை மூன்று றாத்தல்தான் குறைந்தது. "இவ்வளவு பாடுபட்டும் தராசு அசையுதில்லை" என்று குறைப்பட்டார். ஆனால் அந்த வருடத் திருவிழாவில் முன்வரிசையில் நிலத்தில் இருந்தார், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாகவே எழும்பினார். முழங்கால் வலி இன்னும் இடைக்கிடை வருகிறது. ஆனால் அது அவரை இப்போது கதிரையில் இருத்துவதில்லை.

இன்னொருவர் எமது அண்ணர். இளமையில் கைப்பந்து விளையாடியவர். வந்த முதல் வாரமே பக்கத்தில் நின்ற இளைஞருக்குச் சமனாகத் தூக்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வீட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது பயிற்றுநர் அவர் கையில் வெறும் பிளாஸ்ரிக் குழாயைக் கொடுத்துப் பழக்கினார். "இதையா தூக்குவது?" என்று முகம் சுளித்தவர், இப்போது புதிதாக வருபவர்களுக்குத் தானே அந்தக் குழாயை எடுத்துக் கொடுக்கிறார்.

எல்லோரும் நிலைத்தார்கள் என்றில்லை. எம்முடன் தொடங்கிய சிலர் இரவு வேலையாலும் செலவாலும் நின்றுவிட்டார்கள்.

போட்டிகள் பற்றி

இந்த வகைப் பயிற்சியை உலகறியச் செய்தது 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கிய குறொஸ்பிற் நிறுவனம். அதன் முதலாவது போட்டி 2007இல் அங்குள்ள ஒரு பண்ணையில் நடந்தது. ஆண்கள் பிரிவில் வென்றவர் கல்கரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிற்ஸ்ஜெரால்ட். 2014இல் கியூபெக்கைச் சேர்ந்த கமில் லெப்லாங் பசினே பெண்கள் பிரிவிலும், 2023இல் மொன்றியலைச் சேர்ந்த ஜெஃப்ரி அட்லர் ஆண்கள் பிரிவிலும் முதலிடம் பெற்றார்கள். கனடாவுக்கு இதில் நல்ல பெயர் உண்டு.

2011இல் இருந்து நடைபெறும் "ஓப்பன்" போட்டிக்கு எங்கும் போகத் தேவையில்லை. எமது ஜிம்மிலேயே ஒருவர் எண்ணிப் பார்க்க, நாம் செய்து புள்ளியைப் பதிவு செய்யலாம். வயதுப் பிரிவுகள் உண்டு, இலகுவாக்கிய பிரிவும் உண்டு. ஜேர்மனியில் 2017இல் உருவாக்கப்பட்ட ஹைறொக்ஸ் என்பது இன்னொரு வகை. ஒரு கிலோமீற்றர் ஓட்டமும் ஒரு பயிற்சியும் என எட்டு முறை மாறி மாறி வரும். அண்மைய ஆண்டுகளில் அது ரொறன்ரோவிலும் நடத்தப்பட்டுள்ளது.

போட்டி எமக்குப் புதிதல்ல. தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கினார்கள். ஜிம்முக்குள் நடந்த சிறு போட்டியில் நாமும் ஓர் அணியாகச் சேர்ந்து கடைசி இடத்துக்கு வந்தோம். ஆனால் அந்தத் திகதி குறிக்கப்பட்ட பின் ஆறு வாரம் எவரும் வகுப்புக்கு வராமல் விடவில்லை. எம்மைப் போன்றவர்களுக்குப் போட்டியின் பயன் அதுதான்.

அதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2024 ஓகஸ்ட் மாதம் ரெக்சாஸ் மாநிலத்தில் நடந்த குறொஸ்பிற் போட்டியில், ஏரியில் நீந்தும்போது சேர்பிய வீரர் லாசர் ஜுக்கிச் மூழ்கி உயிரிழந்தார். நன்கு பயிற்சி பெற்ற உடம்புக்கும் எல்லை உண்டு. போட்டி நடத்துபவர்களின் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்டறிவது கோழைத்தனம் அல்ல.

கவனிக்க வேண்டியவை

1. இருதய நோய், உயர் குருதி அமுக்கம், நீரிழிவு உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலி தொடர்ந்தால் 911ஐ அழையுங்கள்.

2. இன்சுலினோ சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பையில் பழச்சாறு இருக்கட்டும்.

3. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் வாட்டினால் தசைநார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடும் தசை வலியும் வீக்கமும், சாயத் தேநீர் நிறத்தில் சிறுநீரும் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

4. உங்கள் பழைய காயங்களைப் பற்றிக் கேட்காமல், முதல் நாளே பாரத்தைக் கையில் தரும் பயிற்றுநரிடம் போக வேண்டாம்.

5. பனி அள்ளுவதும் கடும் பயிற்சியே. கடும் பனிப்பொழிவுக்கு அடுத்த நாட்களில் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதை கியூபெக்கில் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. வருடம் முழுவதும் கதிரையில் இருந்துவிட்டு ஜனவரியில் சவளைத் தூக்குவது ஆபத்து.

எங்கே தொடங்கலாம்?

கனடாவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாவதை எம்மில் சிலர் நடந்து சமாளிக்கிறோம். இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இவ்வகை ஜிம்களுக்கு மாதக் கட்டணம் அதிகம்தான். பல இடங்களில் முதல் வகுப்பு இலவசம், கேட்டுப் பாருங்கள். ரொறன்ரோ மாநகர சபையின் சமூக நிலையங்களில் குறைந்த செலவில் பயிற்சிகள் உண்டு. சில நிலையங்களில் இலவசமாகவும் உண்டு. அதுவும் முடியாவிட்டால் வீட்டில் கதிரை இருக்கிறது. கையை மார்பில் கட்டிக்கொண்டு பத்து முறை இருந்து எழும்புங்கள். சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுங்கள். அரிசிப் பையை அணைத்துக்கொண்டு வரவேற்பறையில் ஐந்து சுற்று நடங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும், தொடங்குவதற்கு.

முதுமையில் பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று எம்மில் எல்லோரும் சொல்கிறோம். அதற்கு இப்போதே கொஞ்சம் பாரம் தூக்கிப் பழக வேண்டும். அடுத்த கோடை ஒன்றுகூடலில் கயிற்றைப் பிடிக்க வாருங்கள். மறுநாள் காலையிலும் நலமாக எழும்புவோம்.