அன்னாசிக் கொண்டையிலிருந்து செடி

அன்னாசிப் பழத்தை நறுக்குவோர் முதலில் செய்வது, அதன் கொண்டையைக் குப்பையில் எறிவதே. அக்கொண்டை பழத்துக்கு வாய்த்த வெறும் அணி அன்று. செடியின் வளர்நுனியே அது. தண்டின் உச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பூக்கள் நெருங்கித் தோன்றி, ஒன்றாய்ப் பருத்துப் பழமாகின்றன. அதன் பின்னும் நுனி ஓய்வதில்லை. பழத்தைக் கடந்து சென்று மீண்டும் இலை விடுகிறது. ஆகவே கொண்டையை நட்டால் தாய்ச்செடியின் இயல்பு மாறாத செடியே கிடைக்கும். ஒரே இரகம் பயிராகும் தோட்டத்தில் அன்னாசி விதை பிடிப்பது மிக அரிது என்பதையும் இங்கு நினைவு கொள்ளலாம்.

நடு இலைகள் வாடாது உறுதியாயுள்ள பழத்தைத் தேர்ந்து, கொண்டையைக் கையால் திருகி எடுக்க வேண்டும். ஒட்டியுள்ள சதையைத் துளியும் விடாது நீக்கி, அடியிலுள்ள சிற்றிலைகளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் வரை உரித்தால், தண்டில் பழுப்பு நிறமான சிறு முண்டுகள் தெரியும். இவை வேர்களின் தொடக்கமே. மண்ணைத் தொடுமுன்னரே வேர் காத்திருப்பதை மாணவர்க்குக் காட்ட இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். உரித்த கொண்டையை உடனே ஈரமண்ணில் நட்டால் காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்து அழுகல் உண்டாகும். நிழலில் தலைகீழாக ஒரு வாரம் உலர்த்தி, அடி காய்ந்த பின்னரே நடுதல் வேண்டும். மணல் கலந்த, நீர் தேங்காத, சற்றே அமிலத் தன்மையுள்ள மண் ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த மண் ஆகாது. குருத்தினுள் மண் விழாதபடி ஆழமின்றி நட்டு, வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் வேர் ஊன்றும். இச்செடி இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்கும் இனத்தது. பகலில் நீரை அதிகம் இழப்பதில்லை. எனவே மேல்மண் காய்ந்த பிறகு நீர் விட்டாற் போதும். அன்புடன் நாள்தோறும் நீர் வார்ப்பவர் கையில்தான் இச்செடி பெரும்பாலும் மடிகிறது!

செடி செழித்தும் பூக்கவில்லையே என்னும் முறையீடு களப்பணியாளர் காதில் அடிக்கடி விழும். 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடி மனைகளில் புகை சூழ்ந்த அன்னாசிச் செடிகள் ஒருசேரப் பூத்தன. புகையிலிருந்த எத்திலீன் வாயுவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கனியும் பழங்களும் இவ்வாயுவை வெளியிடுகின்றன. ஆதலின் ஏறக்குறைய 40 இலைகள் வந்த தொட்டிச் செடியை நிழலுக்கு மாற்றி, நடுவில் நன்கு பழுத்த ஆப்பிள் ஒன்றை வைத்து, பாலித்தீன் உறையால் மூன்று நான்கு நாள்கள் மூடி வைக்கலாம். பலித்தால், இரண்டு மாத அளவில் குருத்தில் செந்நிறம் தோன்றும். இளஞ்செடியில் இதைச் செய்தால் பழம் சிறுத்துவிடும். தோட்டங்களில் இதே நோக்கத்துக்காக, பத்து இலட்சத்துக்கு 25 பங்கு எத்தெஃபானும், 2 விழுக்காடு யூரியாவும், 0.04 விழுக்காடு சோடியம் கார்பனேட்டும் கலந்த நீரைச் செடிக்கு 50 மில்லி வீதம் குருத்தில் ஊற்றுவர்.

காலக் கணக்கை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. பக்கக் கன்று 15 முதல் 18 மாதங்களில் பலன் தரும். கொண்டைக்கோ 22 முதல் 24 மாதங்கள் ஆகும். தொட்டியில் இன்னும் தாமதமாகலாம். நிலத்தில் முதல் முடக்கும் உழவர்க்கு இந்த ஆறு மாதம் சிறிதன்று. அவர்க்குக் கொண்டையைப் பரிந்துரைத்தல் தகாது. பள்ளித் தோட்டத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் அதுவே போதும். ஆறாம் வகுப்பில் நட்ட மாணவன் எட்டாம் வகுப்பில் பழம் உண்பான்.

பழம் அறுத்ததும் தாய்ச்செடியைப் பிடுங்கிவிடலாகாது. அது மீண்டும் காய்க்காது. ஆனால் அடியில் விடும் பக்கக் கன்றுகளில் வலியது ஒன்றை விட்டுவைத்தால், அடுத்த பழத்துக்கு அத்தனை காலம் காத்திருக்க வேண்டுவதில்லை.