தலைக்கு 30 பவுன்

1783-ல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது இன்ஷூரன்ஸ் வழக்கு. கொலை வழக்கு அல்ல. வாதிகள், லிவர்பூல் கப்பல் முதலாளிகள். அவர்களுடைய 'ஸாங்' கப்பல் ஆப்பிரிக்க அடிமைகளை அடைத்துக்கொண்டு ஜமைக்காவுக்குப் போகும்போது வழி தவறியது. குடிதண்ணீர் போதாது என்று சொல்லி, 1781 கடைசியில் 130 பேருக்கு மேல் உயிரோடு கடலில் தள்ளிவிட்டார்கள். நோயில் செத்தால் நஷ்டஈடு இல்லை. கப்பலைக் காப்பாற்றத் தூக்கி எறிந்தால் உண்டு. கேட்ட தொகை தலைக்கு 30 பவுன். கொடுக்கத்தான் வேண்டும் என்றது ஜூரி!

இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுவிசாரணை கேட்டார்கள். இதற்குள் ஆப்பிரிக்கரான ஒலாடா எக்வியானோ விஷயத்தை அடிமைமுறை எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப் காதில் போட்டிருந்தார். ஷார்ப் சுருக்கெழுத்தாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். கடைசித் தொகுதியைத் தள்ளுவதற்கு முன்பே மழை பெய்திருந்தது அங்கே வெளிவந்தது. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். கொலைக் குற்றம் சாட்ட ஷார்ப் எவ்வளவோ முயன்றும் ஒருவர்மீதும் வழக்குப் பாயவில்லை.

இதே மான்ஸ்ஃபீல்டு முன்புதான் 1772-ல் ஜேம்ஸ் சாமர்செட் வழக்கு வந்தது. லண்டனில் எசமானிடமிருந்து தப்பியவரைப் பிடித்து, ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்திருந்தார்கள். ஞானஸ்நானப் பெற்றோர் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். சமரசமாகப் போகச் சொல்லிப் பார்த்த நீதிபதி, வேறு வழியில்லாமல்தான் தீர்ப்பளித்தார்: அடிமையைப் பலவந்தமாக நாடு கடத்த எசமானுக்கு அதிகாரம் இல்லை. அவ்வளவே. வந்திருந்த கறுப்பர்கள் நீதிபதிகளை வணங்கிவிட்டு, ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அடிமைத்தனமே ஒழிந்தது என்று ஊர் அர்த்தம் பண்ணிக்கொண்டது.

புகழெல்லாம் சாமர்செட் தீர்ப்புக்குத்தான். என்னைக் கேட்டால், யாருக்கும் தண்டனை வாங்கித்தராத ஸாங் வழக்குதான் பெரிய வேலை செய்தது. மனிதனைச் சரக்குக் கணக்கில் எழுதினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது அம்பலமாக்கியது. 1787-ல் ஷார்ப் முதலானோர் அடிமை வியாபார எதிர்ப்புச் சங்கம் தொடங்கினார்கள். 1807-ல் வியாபாரத்துக்குத் தடை. 1833-ல் ஒழிப்புச் சட்டம். அதிலும் நஷ்டஈடு 2 கோடி பவுன் எசமானர்களுக்கே.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று விலக்கும் வைத்தார்கள். 'இவன் என் அடிமை' என்ற உரிமையை எந்தக் கோர்ட்டும் ஏற்கக்கூடாது என்ற சட்டம் இந்தியாவுக்கு 1843-ல் வந்தது. அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில்தான்.