பால்வாடி டீச்சருக்கும் பாஸ்போர்ட் உண்டு

இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் இருந்தாக வேண்டும். இது ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் காப்பகங்களுக்கான சட்டவிதி. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் 10 அல்லது 11 பேருக்கு ஒருவர். நம் ஊர் அங்கன்வாடியில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். சமையல், எடை பார்ப்பது, பதிவேடு, கர்ப்பிணிகள் கணக்கு, செல்போனில் விவரம் ஏற்றுவது எல்லாம் அந்த இருவர் தலையில்தான். இதற்கு நடுவே பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைத்தால் அது அந்த டீச்சரின் கெட்டிக்காரத்தனம்.

ஜெர்மனியில் ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டு 1 முதல் சட்டமாக இருக்கிறது. உரிமை வந்தது, அதற்கேற்ற ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே பற்றாக்குறைதான். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, அரசுப் பணியிடம் வராமல், பக்கத்து டவுன் நர்சரி பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் நம் காலனிப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சம்பளம் மட்டும் பிரச்சினை இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் ஒருவர் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் எதிர்த்ததும், அது வழக்கானதும் நாடறிந்த செய்தி. நம் கை பட்ட சோற்றைத் தன் பிள்ளை தின்னக் கூடாது என்று நினைக்கிற ஊரில், அந்தப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போகிற பெண் எத்தனை பார்வைகளைத் தாண்ட வேண்டும்!

ஆனால் இந்தப் படிப்பின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்கும் முன்னால், 1894இல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென்று சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறை பயன்பட்டது. இன்று மாண்டிசோரி என்ற பெயரைப் பணக்காரப் பள்ளிகள் பலகையில் எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில மாதப் பயிற்சி கொடுத்து ‘சர்வதேச மாண்டிசோரி சான்றிதழ்’ என்று நீட்டும் நிறுவனம், 1929இல் மாண்டிசோரியே தொடங்கிய சர்வதேச சங்கத்தோடு இணைந்ததா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

‘குழந்தை பார்க்கிற வேலை’ என்று ஏஜெண்ட் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் பல வேலைகள். மழலையர் பள்ளி ஆசிரியர் வேறு, உதவி ஆசிரியர் வேறு, வீட்டோடு தங்கும் ஆயா வேறு. ஜெர்மனியில் ‘ஓ பேர்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. 27 வயதுக்குட்பட்டவர்கள் ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அதிகபட்சம் ஓராண்டு மொழி கற்கலாம். கிடைப்பது கைச்செலவுப் பணம், சம்பளம் அல்ல. மொழி பழக அது நல்ல வழியாக இருக்கலாம். அதை டீச்சர் வேலை என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்டால் ஏமாற்று.

டீச்சராகவே போக வேண்டுமென்றால் படிப்பைச் சரிபார்க்க வேண்டும். நம்மூர் இரண்டாண்டு தொடக்கக்கல்விப் பட்டயம் மட்டும் பெரும்பாலும் போதாது. நியூசிலாந்தில் ஆசிரியராகப் பதிவு செய்யப் பட்டப்படிப்புக்கு இணையான ஆசிரியர் கல்வியும், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதுவோர் நான்கு பகுதிகளிலும் 7 மதிப்பெண்ணும் பெற்றிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏ.சி.இ.சி.க்யூ.ஏ. என்ற அமைப்பு நம் படிப்பை மதிப்பிடும். சின்னக் குழந்தைகளோடு எத்தனை நாள் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள் என்று அது கணக்குப் பார்க்கும். ஆகவே பயிற்சி நாட்களுக்கான கடிதங்களை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநில அரசும் நம் படிப்பைத் தன் படிப்போடு ஒப்பிடும். குறை இருந்தால் கூடுதல் பயிற்சியோ தேர்வோ வைத்து ஏற்றுக்கொள்ளும். ஜெர்மன் மொழி பி2 அல்லது சி1 நிலை வேண்டும். ‘வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்’ அளவில் நிற்கிற ஏ1 நிலையிலிருந்து அது வெகுதூரம். ஆனால் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற நம் பெண்களுக்கு அங்கே ஒரு சமநிலை உண்டு: கான்வென்டில் படித்தவரும் ஜெர்மனை முதல் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரை மறந்துவிடக் கூடாது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. மழலையர் பள்ளிகளில் தாய்மொழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டின் மழலைப்பருவ மேம்பாட்டு அமைப்பின் தகுதி விதிகளை நிறைவு செய்ய வேண்டும். தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று எங்களைக் கேட்டவர்களுக்கு இதையும் ஒரு பதிலாகச் சொல்லிவைக்கிறேன்.

பணத்துக்கு என்ன செய்வது? பட்டம் முடித்தவர்கள் மேற்படிப்பாகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மழலைக்கல்விக்கென்றே ஆசிரியர் முதுகலைப் படிப்பு உண்டு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் மொத்தம் 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வயது 35க்குள், 30 சதவீதம் பெண்களுக்கு. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கும் இதில் இடமுண்டு. ஒன்றிய அரசின் திட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பது தனியே பேச வேண்டிய அநீதி. ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சிக்கு மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள். ஜெர்மன் மொழிப் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் மனுவாக எழுதிக் கொடுங்கள். கேட்காத கோரிக்கைக்கு எந்த அதிகாரியும் கோப்பு திறப்பதில்லை.

வேலைக்கு ஏஜெண்ட் மூலம் போகிறவர்களுக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒன்றிய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். அவருடைய பதிவு எண்ணை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது, அங்கேயும் பதிந்துவைக்கலாம். சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அப்படிப் போய் வளைகுடா வீடுகளில் மாட்டிக்கொண்ட பெண்களை மீட்பது எவ்வளவு பாடு என்பது மனு எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால்; ஒன்றில் அப்பா பெயரின் எழுத்து தப்பாக இருக்கும். சேர்க்கும்போது வாத்தியார் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் நம்மிடம் ஏராளம். விசா அதிகாரிக்கு இவை நான்கு வெவ்வேறு ஆட்கள். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள்.