ஏஐ யோசிக்காது என்று கணிதம் நிரூபித்துவிட்டதா? ஒரு பழைய தேற்றமும் தீராத சண்டையும்

டிக்கெட் புக் பண்ணிப் பணமும் கட்டியாச்சு. ஸ்க்ரீனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வேலை நடக்கிறதா, இல்லை ஆப் அப்படியே தொங்கிவிட்டதா? இன்னும் பத்து விநாடி பொறுக்கலாமா, க்ளோஸ் பண்ணிடலாமா?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு ஆப் இருந்தால் நன்றாக இருக்கும். எந்த ப்ரோக்ராமைக் கொடுத்தாலும் படித்துப் பார்த்துவிட்டு, 'இது ஒரு கட்டத்தில் முடிந்துவிடும்' அல்லது 'இது முடியவே முடியாது' என்று சரியாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஆப்பை யாராலும் எழுத முடியாது. இன்றைய போன் போதாது, நாளைய போனில் வரலாம் என்கிற மாதிரி 'முடியாது' அல்ல. எப்போதுமே முடியாது. இதை நிரூபித்தவர் ஆலன் டூரிங். ஆண்டு 1936. அப்போது அவருக்கு வயது 24. இன்று நாம் கம்ப்யூட்டர் என்று சொல்லும் பொருள் உலகில் எங்குமே இல்லை.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1931-ல், குர்ட் கோடெல் வெளியிட்ட இன்னொரு தேற்றமும் இதே குடும்பம்தான். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் பல பத்தாண்டுகளாக ஒரு வாதம் சுற்றி வருகிறது. 'இயந்திரத்துக்குத் தாண்ட முடியாத எல்லை இருக்கிறது, மனித மூளைக்கு இல்லை, ஆகவே ஏஐ ஒருநாளும் நம்மைப் போல யோசிக்காது, கணிதமே இதை நிரூபித்துவிட்டது' என்பது அந்த வாதம். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது, அதுவும் வேலை போய்விடுமோ என்ற பேச்சு ஆபீஸ் கேன்டீன் வரை வந்துவிட்ட நேரத்தில். ஆனால் கணிதம் உண்மையில் அப்படிச் சொல்கிறதா?

ஜோசியரும் வம்பனும்

முதலில் டூரிங்கின் நிரூபணம். எளிமையானதுதான், பொறுமையாகப் படித்தால் போதும்.

எந்த ப்ரோக்ராம் நிற்கும், எது நிற்காது என்று சொல்லும் அந்த ஆப் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பெயர் 'ஜோசியர்'. இப்போது நீங்கள் ஒரு குறும்புக்கார ப்ரோக்ராம் எழுதுகிறீர்கள். பெயர் 'வம்பன்'. வம்பனுக்கு ஒரே வேலை. தன்னுடைய கோடையே எடுத்துப் போய் ஜோசியரிடம், "நான் நிற்பேனா, மாட்டேனா?" என்று கேட்கும். பதில் எதுவோ அதற்கு நேர்மாறாகச் செய்யும். ஜோசியர் 'நிற்பாய்' என்றால் முடிவில்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். 'நிற்க மாட்டாய்' என்றால் அந்த விநாடியே நின்றுவிடும்.

ஜோசியர் என்ன சொன்னாலும் தப்பு. ஆகவே தப்பே செய்யாத ஜோசியர் என்று ஒருவர் இருக்கவே முடியாது.

இதில் என்ன பெரிய விஷயம், யார் வம்பனை எழுதப் போகிறார்கள் என்று தோன்றலாம். விஷயம் இருக்கிறது. 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பது கோல்ட்பாக் அனுமானம். 10 என்பது 3-ம் 7-ம். 28 என்பது 11-ம் 17-ம். 1742-ல் எழுந்த கேள்வி, இன்னும் நிரூபணம் கிடைக்கவில்லை. 4-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட்ட எண் வரை கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, ஒரு விதிவிலக்குகூட இல்லை. இப்போது, விதிவிலக்கைத் தேடிக்கொண்டே போய், கிடைத்தால் மட்டும் நிற்கிற ஒரு ப்ரோக்ராமை எழுதுங்கள். பத்து வரிகூடத் தேவைப்படாது. அது நிற்குமா என்று ஜோசியர் சொல்லிவிட்டால், கிட்டத்தட்ட 300 ஆண்டுக் கேள்வி அங்கேயே முடிந்தது. ஜோசியர் இருந்திருந்தால் கணிதத்தின் எத்தனையோ கதவுகள் ஒரே சாவியில் திறந்திருக்கும்.

கோடெல் சொன்னது இதற்கு அக்கம்பக்கம். கணிதத்தின் அடிப்படை விதிகளையும், எப்படித் தர்க்கம் செய்யலாம் என்ற விதிகளையும் ஒரு பட்டியலாக எழுதிவிட்டால், அதிலிருந்தே எல்லா உண்மைகளையும் வரவழைத்துவிடலாம் என்று டேவிட் ஹில்பர்ட் போன்ற பெரிய கணித மேதைகள் நம்பினார்கள். 1930 செப்டம்பரில், அன்று ஜெர்மனியில் இருந்த கோனிக்ஸ்பெர்க் நகரில், நாம் அறிந்தே தீர வேண்டும், அறிந்தே தீருவோம் என்று ஹில்பர்ட் முழங்கினார். அதே ஊரில், அதற்கு முந்தைய நாள், இன்னொரு கருத்தரங்கில் 24 வயது கோடெல் எழுந்து, இந்தக் கனவு நடக்காது என்று சில வாக்கியங்களில் சொல்லியிருந்தார். அங்கிருந்தவர்களில் ஜான் வான் நாய்மன் போன்ற ஓரிருவரைத் தவிர யாருக்கும் அது உறைக்கவில்லை.

கோடெல் காட்டியது இதுதான்: தனக்குத் தானே முரண்படாத, எண்கணிதம் செய்யும் அளவுக்கு வலுவான எந்த விதித்தொகுப்பை எடுத்தாலும், அதற்குள் நிரூபிக்க முடியாத ஒரு உண்மை இருக்கும். கூடவே இன்னொன்று. அந்த விதித்தொகுப்பு, 'என்னிடம் முரண்பாடு இல்லை' என்பதைத் தன் சொந்த விதிகளை வைத்தே நிரூபிக்கவும் முடியாது. இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சண்டையே இதில்தான்.

"எனக்குத் தெரியுது, மெஷினுக்குத் தெரியல"

1961-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த தத்துவ அறிஞர் ஜான் லூகாஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்ப்யூட்டர் என்பதே விதிகளின் தொகுப்புதான். ஆகவே அதற்குள் நிரூபிக்க முடியாத ஒரு கோடெல் வாக்கியம் இருக்கும். ஆனால் வெளியில் நிற்கும் மனிதனால் அது உண்மை என்று பார்க்க முடிகிறது. மெஷினால் முடியாததை மனிதன் செய்துவிட்டான். ஆகவே மனம் மெஷின் அல்ல.

இதையே 1989-லும் 1994-லும் இரண்டு புத்தகங்களில் விரித்து, உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர் ரோஜர் பென்ரோஸ். கருந்துளை ஆராய்ச்சிக்காக 2020-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். சும்மா ஒருவர் சொன்னார் என்று ஒதுக்கிவிட முடியாத பெயர்.

சரி, ஓட்டை எங்கே?

கோடெல் வாக்கியம் உண்மை என்று நாம் எப்படிப் 'பார்த்தோம்' என்று கேட்டால் ஓட்டை தெரியும். தேற்றம் சொல்வது, 'இந்த விதித்தொகுப்பில் முரண்பாடு இல்லை என்றால், அந்த வாக்கியம் உண்மை' என்பது மட்டுமே. இந்த 'என்றால்' போட்ட வரியை மெஷினும் நிரூபித்துவிடும். அந்த 'என்றால்'-ஐ எடுத்துவிட்டு 'உண்மைதான்' என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால், அந்தத் தொகுப்பில் முரண்பாடு இல்லை என்று தனியாகத் தெரிய வேண்டும். சின்னத் தொகுப்பு என்றால் சரி. உங்கள் மூளையே ஒரு பிரம்மாண்டமான விதித்தொகுப்பு என்று வைத்துக்கொண்டால்? அதில் முரண்பாடே இல்லை என்று உங்களால் எப்படிச் சொல்ல முடியும்? லூகாஸின் கட்டுரை வருவதற்கு ஒரு வருடம் முன்பே, 1960-ல், ஹிலரி புட்னம் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டார்.

1962-ல் சி.எச்.வைட்லி இன்னும் குறும்பாக மடக்கினார். அவர் கையாண்ட உத்தியை நம்ம ஊர் பாணியில் சொன்னால்: 'இந்த வாக்கியம் உண்மை என்று கார்த்திக்கால் முரண்பாடில்லாமல் சொல்ல முடியாது.' உங்கள் டீமில் இருக்கும் கார்த்திக் இதை ஒத்துக்கொண்டால் தனக்குத் தானே முரண்படுகிறார். ஒத்துக்கொள்ளாமல் விட்டால் வாக்கியம் உண்மையாகிவிடும், பக்கத்து சீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், கார்த்திக்கால் மட்டும் சொல்ல முடியாது. அதனால் கார்த்திக் மனிதர் இல்லை என்றாகிவிடுமா?

பெரிய தலைகளும் சறுக்கிய இடம்

மனித மனம் தன்னிடம் முரண்பாடு இல்லை என்று தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு மாட்டிய கதைகள் நிறைய. கோட்லோப் ஃப்ரேகே எண்கணிதத்தையே தர்க்கத்தின் மேல் கட்டி எழுப்பி, இரண்டாம் தொகுதியை அச்சுக்குக் கொடுத்திருந்தார். 1902 ஜூனில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அஸ்திவாரத்திலேயே முரண்பாடு. ஃப்ரேகேயால் செய்ய முடிந்தது, புத்தகத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பைச் சேர்ப்பது மட்டும்தான்.

ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தால் எட்ட முடியாத உள்ளுணர்வுக்கு உதாரணம் கேட்டால் நாம் முதலில் சொல்லும் பெயர். மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தபடி, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், பார்த்தவுடன் மிரள வைக்கும் சூத்திரங்கள் இருந்தன. அதே கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னது தவறு. ஹார்டி பின்னாளில் இதை வெளிப்படையாகவே எழுதினார். ராமானுஜனின் மேதைமையை அது ஒரு இம்மிகூடக் குறைக்கவில்லை. ஆனால் மேதையின் உள்ளுணர்வும் தப்பும் என்பது, லூகாஸ்-பென்ரோஸ் வாதத்துக்குப் பெரிய அடி. ஏனென்றால் கோடெல் தேற்றம் பேசுவதே முரண்படாத, தப்பே செய்யாத தொகுப்புகளைப் பற்றி.

இதை முன்னாடியே பிடித்தவர் டூரிங்தான். 1947-ல் லண்டன் கணிதச் சங்கத்தில் பேசும்போது, தப்பே செய்யக்கூடாது என்று மெஷினை எதிர்பார்த்தால் அதனிடம் அறிவையும் எதிர்பார்க்க முடியாது என்ற பொருளில் சொன்னார். மனிதனுக்குக் கொடுக்கிற சலுகையை மெஷினுக்கும் கொடுங்கள் என்பது அவர் கட்சி. சாட்பாட் கொஞ்சமும் கூசாமல் தப்பான பதில் சொல்லும்போது எரிச்சல்படுகிற தலைமுறைக்கு, இது கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும்.

கால்குலேட்டரில் ஒரு ட்ரை

"மனிதனுக்கு எல்லை இல்லை" என்ற நம்பிக்கையை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். 8-ல் தொடங்குங்கள். ஒன்றரையால் பெருக்குங்கள். அரை வந்தால் அதை விட்டுவிடுங்கள். 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202, 303, 454, 681... இப்படியே போய்க்கொண்டே இருக்கும். வழியில் வந்த ஒற்றைப்படை எண்கள் எத்தனை, இரட்டைப்படை எண்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். இதுவரை இரட்டை 8, ஒற்றை 4. எப்போதாவது ஒரு கட்டத்தில் ஒற்றைகளின் எண்ணிக்கை, இரட்டைகளைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுமா?

தாண்டினால் நின்றுவிடுகிற ஒரு குட்டி டூரிங் மெஷின் இருக்கிறது. வெறும் ஆறு நிலைகள் கொண்டது. 2024-ல் கண்டுபிடிக்கப்பட்டது, பெயர் 'ஆன்டிஹைட்ரா'. அது நிற்கவே நிற்காது என்று கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறார்கள். நிரூபிக்க ஒருவராலும் முடியவில்லை. ஐந்து நிலை மெஷின்கள் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. நிற்பவற்றில் அதிக நேரம் ஓடுவது 47,176,870 படிகள் ஓடி நிற்கும் என்று அதே 2024-ல் நிரூபித்தார்கள். அதையும், ஆன்லைனில் ஒன்றுகூடிய தன்னார்வலர்கள் ஒரு கம்ப்யூட்டர் சரிபார்ப்பு மென்பொருளின் துணையோடுதான் முடித்தார்கள். ஆறாவது நிலைக்குப் போனதுமே மனிதர்களும் வம்பனிடம் மாட்டிய ஜோசியர் நிலைமைதான்.

அப்படியானால் ஏஐ யோசிக்கும் என்று நிரூபணம் ஆகிவிட்டதா? அதுவும் இல்லை. ஒரு தடை விலகியிருக்கிறது, அவ்வளவுதான். கோடெலே இதில் ஜாக்கிரதையாக இருந்தார். 1951-ல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் அவர் 'ஒன்று இது, இல்லை அது' என்று நிறுத்திக்கொண்டார். ஒன்று, மனித மனம் எந்த மெஷினையும் மிஞ்சியது. இல்லையென்றால், மனிதனால் எந்நாளும் தீர்க்க முடியாத கணக்குகள் இருக்கின்றன. அவர் மனசு முதல் பக்கம்தான் சாய்ந்தது. ஆனாலும் அதை நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லி வாதாடும் பலரைவிட அவர் நிதானம்.

மதிப்பெண் வேறு, உணர்வு வேறு

2024-ல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கேள்விகளில் கூகுள் டீப்மைண்ட் உருவாக்கிய ஏஐ 42-க்கு 28 எடுத்தது. தங்கத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. 2025-ல் அதே நிறுவனத்தின் இன்னொரு மாடல் 35 எடுத்துத் தங்க அளவைத் தொட்டது. ஆறில் ஐந்து கணக்குகள். ஆறாவது கணக்கில் தடுக்கிவிட்டது, அதே ஆண்டு முழு 42 மதிப்பெண் எடுத்த மாணவர்கள் இருந்தார்கள்.

கணக்கு போடும்போது அந்த மெஷினுக்கு உள்ளே ஏதாவது 'தெரிகிறதா'? விடை பிடிபட்டதும் நமக்கு உள்ளே ஒரு பளிச் வருமே, அது வருகிறதா? பென்ரோஸுக்கு உண்மையான அக்கறை இங்கேதான். புரிதல் என்பது கணக்கீடு அல்ல, அதற்கு இன்னும் கண்டுபிடிக்கப்படாத இயற்பியல் வேண்டும் என்றார். மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹேமராஃபுடன் சேர்ந்து, அது நரம்பு செல்களுக்குள் இருக்கும் மைக்ரோட்யூபூல் என்ற நுண்குழாய்களில் நடக்கும் குவான்டம் நிகழ்வு என்ற கருத்தை முன்வைத்தார். 2000-ல் இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் கணக்குப் போட்டு, மூளையின் சூட்டிலும் ஈரத்திலும் அந்தக் குவான்டம் நிலை நரம்பு வேகத்துக்குக் கொஞ்சமும் ஈடுகொடுக்காமல் கலைந்துவிடும் என்றார். ஹேமராஃப் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பெரும்பாலான நரம்பியலாளர்கள் நுண்குழாய்க் கதையை இன்னும் நம்பவில்லை.

அவர்களிடமும் மாற்று விடை தயாராக இல்லை என்பதுதான் சுவாரசியம். 1998-ல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் ஒரு பந்தயம் கட்டினார். பிரக்ஞையை உண்டாக்கும் மூளைச் செயல்பாடு எது என்பது 25 வருடத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும், தோற்றால் ஒயின் வாங்கித் தருகிறேன் என்றார். 2023 ஜூனில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டு மேடையில் கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு, சால்மர்ஸுக்கு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

கொடுத்த கையோடு, இன்னும் 25 வருடத்துக்கு அதே பந்தயத்தை மறுபடியும் கட்டினார். புதிய கெடு 2048.