முதிய நாயின் பிறந்தநாள்

உற்றார் தொலைவிலிருக்க, வெளிமாநிலத்து இல்லத்தில் 10 ஆண்டுகள் வாயில் காத்த நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுதல் நகைப்பிற்குரியதன்று. சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் நேபாளி பேசும் மக்கள், தீபாவளியையொட்டிய குகுர் திகார் நாளில் நாய்களுக்கு மாலை சூட்டி, திலகமிட்டு, உணவளிக்கின்றனர்.

ஆயினும், நமக்கு விருந்தானவை யாவும் நாய்க்கு விருந்தாகா. சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் விரைந்து வெளியேற்ற இயலாது. அஃது இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆதலின், கேக்கும் உலர்திராட்சையிட்ட பாயசமும் நம்மோடு நிற்கட்டும். உப்பும் மசாலாவும் சேராது வேகவைத்த, எலும்பு நீக்கிய கோழிக்கறியும் சிறிது சோறும் அதற்குப் போதும்.

பல், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றை அன்று கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதித்தறிதலே மெய்யான பரிசு; அடுத்த பிறந்தநாளைக் காண அது துணைசெய்யும்.